பழைய எஞ்சினும் பந்தயப் படகும்

கடலோரக் கிராமமொன்றிலிருந்து வந்து எம்மிடம் பௌதிகவியல் பயிலும் மாணவனொருவன், சென்ற தவணை விடுமுறைக்கு முதல்நாள் ஆய்வுகூட வாயிலில் தயங்கி நின்றான். யாது வேண்டுமென வினவினேன்.

"சேர், எங்கடை வீட்டிலை பழைய படகு எஞ்சினொன்று கிடக்குது. ஈரடிப்பு எஞ்சின். அதை அராவித் திருத்தினால் ரேஸ் எஞ்சின் மாதிரி ஓடுமாம். உண்மைதானோ?"

"உண்மைதான். அரம் வாங்கியிட்டியோ?"

"ஓம் சேர், வாங்கியிட்டன்."

"நல்லது. அதைப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு உள்ளை வா."

அன்று கரும்பலகையில் அவனுக்கு விளக்கியவற்றின் விரிவே இக்கட்டுரை. எஞ்சினைப் பற்றிய பேச்சாயினும், இல்லத்திலுள்ளோர் யாவரும் கேட்டு இன்புறத்தக்க செய்திகள் இதில் உள.

பின்பலகையில் ஏறிய பொறி

படகின் பின்பலகையில் வெளிப்புறமாகப் பூட்டப்படுவதனை வெளியிணைப்பு இயந்திரம் என்பர். மேலே எஞ்சின், நடுவே நிமிர்ந்த கால், கீழே நீருக்குள் கியர்ப்பெட்டியும் விசிறியும். நோர்வேயிற் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா சென்று, விஸ்கொன்சின் மாநிலத்தில் வளர்ந்த ஓலே எவின்றூட் என்பவர் 1909-ஆம் ஆண்டில் இத்தகைய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முன்னரும் இம்முயற்சியில் ஈடுபட்டோர் உளர். எனினும் இதனைப் பொதுமக்களின் பொருளாக்கியவர் அவரே. அவ்வியந்திரத்தின் நிறை 62 இறாத்தல். வலு ஒன்றரைக் குதிரைவலு. கோடைநாளொன்றில் ஏரியின் அக்கரைக்குச் சென்று, தம் காதலிக்கு ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு அவர் துடுப்பு வலித்துத் திரும்புவதற்குள் அஃது உருகிப் போயிற்றென்றும், அந்த ஏமாற்றத்திலேயே இக்கருவி கருக்கொண்டதென்றும் ஒரு கதை வழங்குகின்றது.

ஐஸ்கிறீமிற்காகப் பிறந்த இயந்திரம் விரைவிலேயே பந்தயத்திற்கும் வந்து சேர்ந்தது. 1920-களின் இறுதியில், ஹட்சன் நதியில் அல்பனி நகரிலிருந்து நியூயோர்க் வரை ஏறத்தாழ 130 மைல் தூரத்திற்கு இவ்வகைப் படகுகள் போட்டியிடலாயின.

கழிக்கப்பட்ட முந்நூறு

1939-ஆம் ஆண்டில் விஸ்கொன்சினைச் சேர்ந்த கார்ல் கீக்கேபர் என்னும் பொறியறிஞர், சீடர்பேர்க் என்ற சிற்றூரிலே முறிந்துபோன தொழிற்சாலையொன்றை வாங்கினார். படகு எஞ்சின் செய்வது அவர்தம் நோக்கமன்று. காந்தக் கருவிகள் செய்யவே எண்ணினார். ஆயின் தொழிற்சாலையினுள்ளே, பெரிய வணிக நிறுவனமொன்று குறைபாடுடையன எனத் தள்ளிவிட்ட ஏறக்குறைய 300 வெளியிணைப்பு இயந்திரங்கள் கிடந்தன. கைச்செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. எனவே அவற்றைக் கழற்றிப் பிழை கண்டு திருத்தினார். தள்ளிய நிறுவனமே அவற்றை ஏற்றுக்கொண்டு, மேலும் வேண்டுமென்று கேட்டது. மேர்க்குரி என்னும் புகழ்பெற்ற இயந்திரத்தின் வரலாறு இவ்வாறு தொடங்கிற்று.

1950-ஆம் ஆண்டளவில் அந்நிறுவனம் வெளியிட்ட கே.ஜி. 7 என்னும் இரு சிலிண்டர் எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 20 கன அங்குலம். பெயரளவில் அதன் வலு 10 குதிரைவலுவே. உண்மையில் அதனினும் மிக்கதென்பதை ஓட்டினோர் யாவரும் உணர்ந்திருந்தனர். பந்தயத்திற்கென அதற்குக் குவிக்சில்வர் எனப்பட்ட மெல்லிய கீழ்ப்பாகமொன்றும் விற்கப்பட்டது. மேர்க்குரி, குவிக்சில்வர் ஆகிய இரு சொற்களும் பாதரசத்தையே குறிக்கும் என்பது மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

அவ்வெஞ்சின்கள் இப்பொழுது செய்யப்படுவதில்லை. 1909-இல் தொடங்கிய எவின்றூட் இயந்திரங்களின் உற்பத்தியும் 2020-இல் நின்றுவிட்டது. எனினும் அமெரிக்க ஏரிகளில் பழைய எஞ்சின்களைப் புதுக்கி ஓட்டுவோர் இன்றும் உளர். 1903-இல் நிறுவப்பெற்ற அமெரிக்க விசைப்படகுச் சங்கம் எஞ்சின்களை அவற்றின் கொள்ளளவு கொண்டு வகுக்கின்றது. சில பிரிவுகளில் தொழிற்சாலை செய்தவாறே ஓட்டவேண்டும். சிலவற்றில் திருத்தம் செய்து ஓட்டலாம். வேறு சிலவற்றில் பெற்றோலுக்குப் பதிலாக மெதனோல் எரிக்கப்படுகின்றது. இத்திருத்தக் கலையே நமக்கு இங்குப் பொருள்.

ஈரடிப்பின் மூச்சு

திருத்தத்தை அறிவதற்கு முன் எஞ்சின் எவ்வாறு மூச்செடுக்கின்றதென்பதை அறிதல் வேண்டும். பாடநூல்கள் முசலம் என்றும் நம் மெக்கானிக்குகள் பிஸ்டன் என்றும் கூறும் உறுப்பு சிலிண்டரினுள்ளே மேலேறும்போது, தனக்கு மேலுள்ள எரிபொருட் கலவையை அமுக்குகின்றது. அதே வேளையில் கீழேயுள்ள கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகிப் புதிய கலவை உட்புகுகின்றது. பொறி பட்டதும் மேலுள்ள கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். அது கீழிறங்குகையில் முதலிலே சிலிண்டர்ச் சுவரிலுள்ள புகைவாயில் திறந்து புகை வெளியேறும். சற்றுப் பின்னர் கலவைவாயில் திறந்து, கிராங்க் அறையிற் காத்திருந்த புதுக்கலவை மேலேறி எஞ்சிய புகையைத் தள்ளும்.

இங்கேதான் இடர்ப்பாடு உளது. புகை முழுவதும் போகவேண்டும். ஆயின் புதுக்கலவை அதனோடு சேர்ந்து ஓடிவிடலாகாது. இதற்காகவே பழைய படகு எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டனின் தலையிலே ஒரு திமிலமைத்து, கலவையை மேனோக்கித் திருப்பிவிட்டனர்.

இவையனைத்தும் நிகழும் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்திற்கு 6,000 சுற்றெனில் விநாடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றில் 150 பாகை வரை புகைவாயில் திறந்திருப்பதாகக் கொண்டால், அந்த நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் நாலு பங்கிற்குச் சற்று மேல். நாம் ஒருமுறை இமை கொட்டுவதற்குள் அது பத்து முறையேனும் மூச்செடுத்து முடிக்கும். எஞ்சினின் வலுவைக் கூட்டுதலென்பது அதனை அடித்து விரட்டுதலன்று. அதன் மூச்சிலுள்ள தடைகளை நீக்குதலே என்பது இதனாற் புலப்படும்.

அளவு முன், அரம் பின்

தேர்ந்த திருத்துநர் எஞ்சினைக் கழற்றியதும் அரத்தைத் தேடுவதில்லை; அளவுகோலைத் தேடுவர். முதற்கண் இணைப்புத்தண்டுகள், கிராங்க் தண்டு, பறப்புச்சில்லு ஆகியவற்றில் மயிரிழை வெடிப்பேனும் உண்டோவென ஆராய்வர். இதற்குத் தக்க காரணமுண்டு. மேலும் கீழும் ஓடும் உறுப்புகளின் மீதுள்ள விசை சுற்றுவேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும். 5,000 சுற்றிலிருந்து 7,000 சுற்றுக்கு உயர்த்தினால் வேகம் 1.4 மடங்குதான், விசையோ ஏறத்தாழ இரு மடங்கு. எழுபதாண்டு முதுமையடைந்த உலோகத்திடம் இதனைக் கேட்கின்றோம் என்பதை மறத்தலாகாது.

அடுத்து, கிராங்க் தண்டின் நுனியிலே பாகை குறித்த வட்டத்தட்டொன்றைப் பொருத்தி, ஒவ்வொரு வாயிலும் எப்பாகையில் திறந்து எப்பாகையில் மூடுகின்றதெனக் குறித்துக்கொள்வர். வார்ப்புக் குறைகளினால் இரு சிலிண்டர்களின் வாயில்களும் பெரும்பாலும் ஒத்திருப்பதில்லை. ஆகவே முதல் வேலை வலுவைக் கூட்டுவதன்று, இரண்டையும் சமப்படுத்துவதே. வார்ப்பிலுள்ள முடிச்சுகளையும் மூட்டுகளிலுள்ள படிகளையும் மழித்து, கலவை செல்லும் பாதையை ஒழுங்காக்குவர்.

இதன் பின்னரே புகைவாயிலின் மேல்விளிம்பைச் சிறிது உயர்த்துவர். அவ்வாறு உயர்த்தினால் வாயில் முன்னதாகத் திறந்து பிந்தி மூடும். விரைந்த ஓட்டத்திற் புகை வெளியேறப் போதிய நேரங் கிடைக்கும். ஆயின் வெடிப்பின் தள்ளுவிசை பிஸ்டனைத் தள்ளும் தூரம் குறைகின்றது. எனவே மெதுவான ஓட்டத்தில் எஞ்சின் சோர்ந்துவிடும். மேலே பெற்றதற்குக் கீழே விலை கொடுக்கின்றோம். ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக அராவினாலோ, அராவிய உலோகத்தை மீண்டும் ஒட்ட இயலாது. அராவிய விளிம்பைச் சாய்த்து மென்மையாக்காதுவிடின் பிஸ்டன் வளையம் அதிற் சிக்கி உடைவதும் உண்டு.

அமுக்க விகிதத்தை உயர்த்துவது மற்றொரு வழி. சிலிண்டரின் தலை தனியே கழலும் எஞ்சின்களில், அதன் அடிமுகத்தைச் சிறிது சீவி எரியறையைச் சிறிதாக்குவர். பழைய மேர்க்குரி எஞ்சின்களில் சிலிண்டரும் தலையும் ஒரே வார்ப்பாதலால் இவ்வழி எளிதன்று. எவ்வாறாயினும் அளவு மீறினால், கலவை ஒழுங்காக எரியாது திடீரென வெடித்துத் தட்டும். அந்த அதிர்வும் வெப்பமும் பிஸ்டனின் நடுவே துளையிட்டுவிடும்.

மூச்சின் மறுமுனையிலும் வேலையுண்டு. பெரிய காபரேற்றர் பூட்டுவர். கிராங்க் அறையின் வாயிலில் நாக்குப்போல் திறந்து மூடும் மெல்லிய தகடுகளைச் சோதித்து, வேகத்திற்கேற்ற விறைப்புடையவற்றை இடுவர். ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானே மாற்றம் கேட்கும். பெரிய வாயிலுக்குச் சிறிய காபரேற்றர் போதாது. பெரிய காபரேற்றரோ மெதுவான ஓட்டத்திற் கலவையைக் குழப்பும்.

புகைக்குழாயின் எதிரொலி

ஈரடிப்பு எஞ்சினின் வரலாற்றில் வியக்கத்தக்க பகுதி அதன் புகைக்குழாயே. சாதாரண படகு எஞ்சினிற் புகை காலின் வழியாக இறங்கி நீருக்குள் அடங்கிவிடும். பந்தயக்காரர் அதனை நேரே வெளியே விடலாயினர். பின்னர் வெறுங் குழாயினும் சிறந்ததொன்று கிடைத்தது. கிழக்கு ஜேர்மனியிலே எம்.சற். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையைச் சேர்ந்த வால்ற்றர் காடன் என்பவர் 1950-களில் இதனை நுணுகி ஆராய்ந்தார். புகைவாயில் திறந்ததும் குழாயினூடே ஓர் அமுக்க அலை பாய்கின்றது. குழாய் கூம்புபோல் விரியுமிடத்தில் அவ்வலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி, எஞ்சிய புகையை இழுத்தெடுக்கும். குழாய் மறுபடி ஒடுங்குமிடத்தில் தள்ளும் அலையாகத் திரும்பி, ஓடிப்போக முயலும் புதுக்கலவையை வாயில் மூடுவதற்குள் சிலிண்டரினுள்ளே தள்ளிவிடும். அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லாத வெறுந் தகரக் குழாய், வாயிற்காவலன் வேலையைச் செய்கின்றது.

குழாயின் நீளத்தை மாணவரே கணக்கிடலாம். நிமிடத்திற்கு 7,000 சுற்று. புகைவாயில் திறந்திருப்பது 170 பாகை. சூடான புகையில் அலையின் வேகம் விநாடிக்கு 1,700 அடி எனக் கொள்க. அப்பாகையளவு சுழல விநாடியின் ஆயிரத்தில் நாலு பங்கு செல்லும். அதற்குள் அலை ஓடும் தூரம் ஏறத்தாழ 6.9 அடி. போய் மீளவேண்டுமாதலால் அதன் பாதி, அதாவது சுமார் 41 அங்குலத் தொலைவில் எதிரொலிக்கும் இடம் அமையவேண்டும்.

1961-ஆம் ஆண்டளவில் காடன் 125 சி.சி. எஞ்சினிலிருந்து 25 குதிரைவலு பெற்றார். அவ்வாண்டிலேயே அவருடைய ஓட்டுநர் ஏர்ண்ஸ்ட் டெக்னர், சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்கு நாடுகளுக்குத் தப்பியோடி, ஜப்பானின் சுசுக்கி நிறுவனத்தை அடைந்தார். கற்றதும் அவரோடு சென்றது. 1962-இல் சுசுக்கியின் எஞ்சினில் 50 சி.சி. உலகப் பட்டத்தை அவர் வென்றார்.

மோட்டார் சைக்கிளிற் கண்ட நுட்பம் படகிற்கு வந்ததுபோல, படகின் எஞ்சின் மோட்டார் சைக்கிளுக்குச் சென்றதும் உண்டு. பேர்லின் நகரில் கோனிக் நிறுவனம் செய்த நான்கு சிலிண்டர்ப் பந்தயப் படகு எஞ்சினை, நியூசிலாந்தைச் சேர்ந்த கிம் நியூகொம் என்பவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றினார். 1973-இல் யூகோஸ்லாவியப் பந்தயத்தில் வென்று, பெருநிறுவனங்களைத் திகைக்க வைத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரோன் பந்தயத்தளத்தில் நேர்ந்த விபத்தினால் உயிர்நீத்தார். இறந்த பின்னரும் 500 சி.சி. உலகப் போட்டியில் இரண்டாமிடம் அவருடையதாகவே இருந்தது.

ஆமணக்கெண்ணெயின் பெருமை

பந்தய எஞ்சினின் பக்கத்தில் நிற்போருக்கு ஒரு தனி மணம் வீசும். அது நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த ஆமணக்கெண்ணெயின் மணமே. மெதனோல் எரிக்கும் எஞ்சினில் சாதாரண கனிய எண்ணெய் அவ்வெரிபொருளோடு கலவாது; ஆமணக்கெண்ணெய் கலக்கும். மிகுந்த வெப்பத்திலும் அது உலோகத்தைப் பற்றி நிற்கும். காஸ்ட்ரோல் என்னும் வணிகப் பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததாகும்.

மெதனோல் ஆவியாகும்போது பெற்றோலினும் மிகுதியான வெப்பத்தை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும். ஆதலால் அமுக்க விகிதத்தை மேலும் உயர்த்தலாம். இதற்கும் விலை உண்டு. பெற்றோலைப்போல் இரு மடங்கிற்கு மேல் எரிபொருள் வேண்டும். அது நீரை ஈர்க்கும், அலுமினியத்தை அரிக்கும். அருந்தினாற் கண்ணொளி போகும், உயிரும் போகும். அதன் சுவாலையோ பகலொளியில் ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரிவதில்லை. தீப்பற்றியதை உடல் சுட்ட பின்னரே உணர்ந்தோர் உளர்.

நீரிலே முடியும் கணக்கு

எஞ்சினில் எவ்வளவு வலு பிறப்பினும், அதனை நீரிடம் ஒப்படைப்பது விசிறியே. விசிறி ஒரு சுற்றில் முன்னேறவேண்டிய தூரத்தைப் புரியிடைத் தூரம் என்பர். அது 12 அங்குலமாயின், கியர்ப்பெட்டி எஞ்சினின் வேகத்தை மாற்றாது கடத்தும்போது 6,000 சுற்றில் நிமிடத்திற்கு 6,000 அடி. இது மணிக்கு 68 மைல் வேகம். ஆயின் நீர் மரமன்று. விசிறி அதில் வழுக்கும். நூற்றில் 12 பங்கு வழுக்கினால் எஞ்சுவது 60 மைல். ஆதலால் ஒரு விசிறியின் இதழை மெலித்துச் செப்பஞ் செய்வதிலும், பின்பலகையில் எஞ்சினைச் சற்று உயர்த்திக் கால் நீரைக் கிழிக்கும் ஆழத்தைக் குறைப்பதிலும், பல நாள் அராவியும் கிட்டாத வேகம் கிட்டுவதுண்டு.

இவையனைத்தும் ஒன்றுகூடினால் யாது விளையுமென்பதற்கு ஹியூபேர்ட் என்ட்ரொப் சான்றாவர். 1958-இல் சியற்றில் நகரையடுத்த வாஷிங்ரன் ஏரியில், ஆறு சிலிண்டர் மேர்க்குரி எஞ்சின் பூட்டிய படகிலே மணிக்கு 107 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அவர் சென்றார். வெளியிணைப்பு இயந்திரம் 100 மைலைக் கடந்தது அப்பொழுதுதான். 1960-இல், இம்முறை எவின்றூட் எஞ்சினைப் பூட்டி, 122 மைலையும் தாண்டினார். ஒன்றரைக் குதிரைவலுவில் தொடங்கிய இயந்திரம் அரை நூற்றாண்டில் அடைந்த உயரம் அது.

எந்த எஞ்சின், எதற்கு?

கரும்பலகை நிறைந்த பின், மாணவனை நோக்கி ஒன்று கேட்டேன்.

"அந்தப் பழைய எஞ்சினை இப்ப ஆர் பாவிக்கிறது?"

அவன் சற்றுத் தயங்கினான். "சும்மாதான் கிடக்குது, சேர். ஆனால் அப்பா கடலுக்குப் போகேக்கை படகிலை ஏத்திக்கொண்டு போவார். புது எஞ்சின் நடுக்கடலிலை நிண்டால் அதைத்தான் பூட்டுவார்."

பந்தய எஞ்சின் சில நிமிடங்களுக்கு உயிர்வாழ்ந்தாற் போதும். அது நின்றால் மீட்புப் படகு வரும். ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு அவர் உடலிற் கட்டியிருக்கும். உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் அணிந்திருப்பார். இரவில் கரை காணாத் தூரத்தில் நிற்கும் மீனவனுக்கு இவற்றுள் எதுவுமில்லை. அவனுக்கு வேண்டுவது மெதுவாகவேனும் விடாது இழுக்கும் வலு. புகைவாயிலை உயர்த்துங்கால் நாம் முதலில் இழப்பது அந்த வலுவையே. பந்தய எஞ்சின் முந்தி வரவேண்டும். தந்தையின் எஞ்சின் திரும்பி வரவேண்டும்.

இதனை நான் விரித்துரைக்க நேரவில்லை. அவன் முகமே விளங்கிக்கொண்டதைக் காட்டிற்று.

விடுமுறை முடிந்து வந்தவன், மடித்த தாளொன்றை என் மேசைமீது விரித்தான். இரு சிலிண்டர்களின் புகைவாயில்களையும் தாளில் ஒற்றியெடுத்து, அளவு குறித்திருந்தான். ஒன்றில் கரி படிந்து வாயிலின் கணிசமான பகுதி அடைபட்டிருந்ததாம். தந்தையார் அருகிருக்க, மரக்குச்சியாற் கரியைச் சுரண்டித் துப்புரவாக்கி, பிளக்குகளை மாற்றி, எரிபொருளில் எண்ணெயின் அளவையும் சரி செய்தானாம்.

"இப்ப இரண்டாம் இழுவையிலை ஸ்ராட் வருது, சேர். முந்தி பத்துத் தரம் இழுக்கவேணும்."

"அரம்?"

"பெட்டிக்குள்ளைதான், சேர்" என்று சிரித்தான்.

கீக்கேபர் 1939-இல் அந்த முந்நூறு எஞ்சின்களிடம் செய்ததும் இதுவே. அவர் முதலிற் கண்டது வேகத்தையன்று, பிழையை. பிழை காணக் கற்றவன் கையிலே அரம் ஒருநாள் நல்ல கருவியாகும். அதுவரை அது பெட்டிக்குள் இருப்பதே எஞ்சினுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.